நான்கு ஜிபி அழித்தும் நகராத எண்

அத்தையின் போன் 64 ஜிபி கொள்ளளவு கொண்டது, ஆண்ட்ராய்டு 13. கேமராவைத் திறந்தால் இடமில்லை என்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் இறங்க மறுக்கின்றன. அத்தை ஒன்றும் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து 4.1 ஜிபி அளவுக்குக் கேலரியில் அழித்திருக்கிறார். அழித்த பிறகும் அதே எச்சரிக்கை. போன் பழுதாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறவிருந்த நேரத்தில் அது என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இப்படி வரும் போன்களில் எல்லோரும் முதலில் செய்வது இன்னும் நாலு வீடியோவை அழித்துப் பார்ப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு அழிப்புக்கும் முன்னும் பின்னும் மீதி இடம் எவ்வளவு என்று போனின் கோப்பு முறைமையிடமே, அதாவது கோப்புகளுக்கு இடம் ஒதுக்கிக் கணக்கு வைக்கும் அமைப்பிடமே, நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் அழித்துக்கொண்டே போனால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்றே தெரியாது. அழித்த கோப்பின் இடம் திரும்பி வரவில்லை என்றால் அதை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எந்த எண்ணை நம்புவது

செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் கணினியுடன் இணைத்தேன். கணினியில் ஏடிபி என்ற கூகுளின் இலவசக் கருவி. அதன் வழியே போனுக்குள் நுழைந்து ‘டிஎஃப்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் நம் கோப்புகளும் செயலிகளின் தரவும் இருக்கும் டேட்டா பகுதியின் மொத்தம், நிரம்பியது, மீதி மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸிலேயே இருந்த கட்டளை இது. இதன் கூட்டாளி ‘டியூ’, எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கூட்டிச் சொல்லும்.

டிஎஃப் சொன்னது: மொத்தம் 51 ஜிபி, மீதி 430 எம்பி.

64 எங்கே, 51 எங்கே என்று கேட்கலாம். பெட்டியில் அச்சிடும் 64 ஜிபி என்பது 6,400 கோடி பைட். டிஎஃப் 1024இன் மடங்குகளில் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் அது 59.6 ஜிபிதான். மிச்ச வித்தியாசம் இயங்குதளத்துக்கான தனிப் பகுதிகள். அவற்றில் நாம் கை வைக்க முடியாது. எனவே அந்தக் கவலை வேண்டாம். மீதி இடம் குறைகிறது என்ற எச்சரிக்கையை ஆண்ட்ராய்டு மூல நிரலின்படி எழுப்பும் எல்லை, மொத்தத்தில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அது. இங்கே 430. எச்சரிக்கை நியாயமானதே.

செட்டிங்ஸின் சேமிப்பகப் பக்கம் வேறு கதை சொன்னது. படங்கள், வீடியோக்கள், செயலிகள் என்று வண்ண வண்ணப் பட்டைகள். கூடவே ‘சிஸ்டம்’ என்ற பெயரில் 13 ஜிபிக்கு மேல். இந்தச் ‘சிஸ்டம்’ என்ற எண்ணைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். ஆண்ட்ராய்டின் மூல நிரலில் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால் திகைப்பு எரிச்சலாக மாறும். சிஸ்டம் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. படம், வீடியோ, ஒலி, செயலி என்று இனம் பிரிக்க முடிந்ததையெல்லாம் மொத்தப் பயன்பாட்டிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சியதை அப்படியே ‘சிஸ்டம்’ தலையில் கட்டிவிடுகிறார்கள். அதனால் யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத இடமெல்லாம் அங்கே போய்ச் சேரும். போதாக்குறைக்கு, இந்த இனவாரிக் கணக்கின் ஒரு பகுதி போன் ஓய்வாக இருக்கும்போது எடுத்து வைத்த பழைய அறிக்கையிலிருந்தும் வரலாம். இப்போது அழித்தது அதில் இப்போதே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆகவே அந்தப் பக்கத்தை மூடிவிட்டு டிஎஃப் எண்ணை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். கணினி இல்லாதவர்கள் குறைந்தபட்சம் ஒரு கோப்பு மேலாளர் செயலியில் மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் கீழே வரும் பாதிச் சங்கதிகள் கண்ணில் படாது.

பெயர் மட்டும் மாறிய வீடியோக்கள்

முதல் சந்தேகம் குப்பைத் தொட்டி மீது. ஃபைண்ட் கட்டளையால் போன் முழுக்கத் தேடினேன். கேமரா ஃபோல்டரில் வரிசையாக வந்து நின்றன: ஒரு புள்ளி, அதன்பின் ‘டிராஷ்டு’ என்ற சொல், அதன்பின் ஒரு நீண்ட எண், கடைசியில் வீடியோவின் பழைய பெயர். அத்தை அழித்த அத்தனையும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆண்ட்ராய்டு 11இல் வந்த ஏற்பாடு இது. கேலரியில் ‘குப்பைக்கு அனுப்பு’ என்றால் கோப்பு வேறெங்கும் போவதில்லை. அதே ஃபோல்டரில் அதன் பெயர் மட்டும் மாறுகிறது. புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் மறைந்துவிடுகிறது. நடுவில் உள்ள எண் காலாவதி நேரம். 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. உதாரணமாக 1735689600 என்று இருந்தால் அது 2025 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு. வழக்கமான கெடு 30 நாள். அதுவரை ஒரு பைட்கூடத் திரும்பாது. பெயர் மாற்றத்தால் இடம் எப்படிக் கிடைக்கும்?

இதில் சிக்கல் என்னவென்றால் தொட்டி ஒன்றல்ல. கேலரிக்கு ஒன்று, கோப்பு மேலாளருக்கு ஒன்று, சில தயாரிப்பாளர்களின் குரல் பதிவுச் செயலிக்குக்கூட ஒன்று. கூகுள் போட்டோஸில் மேகத்துக்கு, அதாவது கூகுளின் இணையச் சேமிப்புக்கு, போன படம் என்றால் 60 நாள், போகாத படம் என்றால் 30 நாள் காத்திருக்கும். ஐபோனில் ‘சமீபத்தில் நீக்கியவை’ ஆல்பத்தில் 30 நாள், சில சமயம் 40 வரை. ஐஓஎஸ் 16 முதல் குறுஞ்செய்திகளுக்கும் அதேபோல ஒன்று வந்துவிட்டது. பயனர் அழித்தேன் என்று நம்புகிறார். போன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. தவறுதலாக அழித்ததை மீட்க இது பெரிய வரப்பிரசாதம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 430 எம்பி மட்டுமே மிஞ்சியிருக்கும் போனில் ‘நீங்கள் அழித்த நான்கு ஜிபி இன்னும் உள்ளே இருக்கிறது’ என்று ஒரு வரி சொல்ல அந்த எச்சரிக்கையில் இடமா இல்லை?

அத்தையை அருகில் உட்கார வைத்து, தொட்டியில் உள்ளவை வேண்டாம் என்று அவர் வாயால் கேட்டுக்கொண்ட பிறகே காலி செய்தேன். முன்பே அழித்திருந்தவையும் சேர்த்து 5.3 ஜிபி. டிஎஃப் மீதி: 5.7.

அவர் அழித்த இன்னொரு பெரிய தொகுதியும் உண்டு. அதற்கு டிஎஃப் எண்ணில் எந்தப் பங்கும் இல்லை. கூகுள் போட்டோஸில் பழைய ஆண்டுகளுக்குப் போய் நூற்றுக்கணக்கில் படங்களை நீக்கியிருக்கிறார். அவை இந்தப் போனிலேயே இல்லை. முந்தைய போனிலிருந்து மேகத்துக்குப் போனவை, திரையில் மட்டும் தெரிபவை. அவற்றை நீக்கினால் குறைவது கூகுள் கணக்கின் 15 ஜிபி ஒதுக்கீட்டில், அதாவது ஜிமெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றிய படங்களுக்கு அந்தக் கணக்கு கறாராக உண்டு. போனின் இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எதிர்த்திசையில் ஆபத்து பெரிது: போனிலும் மேகத்திலும் இருக்கும் படத்தை அங்கே நீக்கினால் இரண்டு இடத்திலும் போகும். போனில் உள்ள பிரதி மட்டும் போக வேண்டும் என்றால் அதற்கென்றே ‘இடத்தை விடுவி’ என்ற வசதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நல்லவேளை, இவர் நீக்கியவையும் தொட்டியில் இருந்தன. வேண்டியவற்றை மீட்டுக்கொடுத்தேன்.

ஒரே கல்யாணம், மூன்று பிரதிகள்

அடுத்து டியூ. பொதுச் சேமிப்பகத்தில் பெரிய ஃபோல்டர் எது என்று வரிசைப்படுத்தினேன். வாட்ஸ்அப் இரண்டு முறை வந்தது. ஒன்று, மேல்மட்டத்திலேயே ‘வாட்ஸ்அப்’ என்ற பெயரில். இன்னொன்று, ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’வுக்குள் ஒளிந்திருப்பது.

ஆண்ட்ராய்டு 11 பொதுச் சேமிப்பகத்துக்குள் செயலிகளின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தியபோது வாட்ஸ்அப் தன் கோப்புகளை மேல்மட்டத்திலிருந்து அந்த உள் ஃபோல்டருக்கு மாற்றிக்கொண்டது. இந்தப் போனில் நடந்தது இன்னும் கொஞ்சம் கோணல். பழைய போனிலிருந்து யாரோ கணினி வழியாக எல்லாவற்றையும் மொத்தமாக நகலெடுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு வாட்ஸ்அப்பின் மேகக் காப்பையும் மீட்டிருக்கிறார்கள். படங்களும் வீடியோக்களும் இரண்டு இடத்திலும் இருந்தன. கேலரியில் ஒன்றை அழித்தால் இரட்டையர் பிழைத்துக்கொள்வார்.

பெயர் ஒன்று என்பதற்காகக் கோப்பும் ஒன்றாகிவிடாது. இரண்டு பக்கமும் எம்டி5 கூட்டு எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, எடுத்து, கணினியில் ஒப்பிட்டு, பைட்டுக்குப் பைட் ஒத்தவற்றை மட்டும் பழைய ஃபோல்டரிலிருந்து நீக்கினேன். பழைய ஃபோல்டர் 3.4 ஜிபி, அதில் 2.9 பிரதிகள். மிச்சம் அரை ஜிபியில் வேறெங்கும் இல்லாத குரல் பதிவுகள் இருந்தன. மறைந்த மாமாவின் குரல் உட்பட. மொத்தமாக அழித்துத் தள்ளியிருந்தால் அவை போயிருக்கும். மீதி: 8.6.

அடுத்தது ‘சென்ட்’. கேலரியிலிருந்து ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது சுருக்கப்பட்டு, அந்தச் சுருக்கிய பிரதி ‘சென்ட்’ என்ற உள் ஃபோல்டரில் தனியாகச் சேர்கிறது. அங்கே ‘நோமீடியா’ என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு இருக்கும். அது இருந்தால் கேலரி அந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்காது. எனவே கேமராவில் எடுத்த மூலத்தை அழித்தாலும், தொட்டியைக் காலி செய்தாலும், சுருக்கிய பிரதி கண்ணுக்குத் தெரியாமல் வாழும். அத்தை தாராளமாக அனுப்புகிறவர். 1.6 ஜிபி. இவற்றை நீக்கினால் அரட்டையில் அந்த வீடியோ இருந்த இடத்தில் மங்கலான முன்னோட்டம் மட்டும் மிஞ்சும் என்று சொல்லி, சம்மதம் வாங்கி நீக்கினேன். ஃபோல்டருக்குள் போகத் தயங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ பகுதிக்குள் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்தால் பெரிய கோப்புகள் அளவு வரிசையில் கிடைக்கும். மீதி: 10.2.

இதற்கிடையில் ஒரு சிறு சோதனை. ஓயாமல் காலை வணக்கம் வரும் ஒரு பெரிய குழுவின் எழுத்துச் செய்திகளை முழுவதும் துடைத்தேன். செயலித் தகவல் பக்கத்தில் வாட்ஸ்அப்பின் ‘பயனர் தரவு’ ஏறத்தாழ அதே அளவில் நின்றது. வியப்பில்லை. ஆண்ட்ராய்டுச் செயலிகள் பெரும்பாலும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் உருவாக்கியது. தானாகச் சுருங்கும் அமைப்பு இயக்கப்படாத தரவுத்தளத்தில் ஒரு பதிவை அழித்தால் அது இருந்த பக்கம் காலிப் பக்கங்களின் பட்டியலில் சேர்கிறதே தவிர, கோப்பின் அளவு தானாகக் குறைவதில்லை. நாளை வரும் செய்தி அந்தக் காலிப் பக்கத்தில் எழுதப்படும். கோப்பைச் சுருக்க ‘வேக்கம்’ என்ற தனிக் கட்டளை உண்டு. அது தரவுத்தளத்தை முழுதாக மறுபடி எழுதுவதால், வேலை நடக்கும்போது மூலக் கோப்பைப் போல இரண்டு மடங்கு வரை காலியிடம் கேட்கும். இடமில்லாத போனில் இடம் உண்டாக்கவே இடம் வேண்டும்! எழுத்துச் செய்திகளை அழித்து இடம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை நான் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

அதே செயலியின் ‘டேட்டாபேஸஸ்’ ஃபோல்டரில் அன்றாடக் காப்புப் பிரதிகள் தேதி வாரியாக இருக்கும். உள்ளூர்க் காப்பு கடைசி ஏழு நாளுக்கு. அவற்றைத் தொடவில்லை. மேகக் காப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று உறுதியில்லாத போனில் அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை.

காலியான சிறு படங்களின் பெரிய கோப்பு

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். கேமரா ஃபோல்டரின் தாய் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் ‘தம்ப்நெயில்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள், ‘தம்ப்டேட்டா’ என்று தொடங்கிப் பெயரில் பெரிய எண் ஒன்று ஒட்டிய தனிக் கோப்பு. அளவு 900 எம்பி. ஆண்ட்ராய்டு 13இல் இதற்கு வேலையே கிடையாது. பழைய போனிலிருந்து நகலெடுத்தபோது கூடவே குடியேறியது.

பழைய ஆண்ட்ராய்டில் கேலரிக்கான மிகச் சிறிய முன்னோட்டப் படங்கள் எல்லாம் இந்த ஒற்றைக் கோப்பில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு படத்துக்கும் 10,000 பைட் கொண்ட ஓர் அறை. படத்தின் அடையாள எண்ணை 10,000ஆல் பெருக்கினால் கோப்புக்குள் அதன் அறை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் அடையாள எண்கள் ஏறிக்கொண்டேதான் போகும். அழித்த படத்தின் எண் அடுத்த படத்துக்குக் கிடைக்காது. 90,000 என்ற எண் வரை போய்விட்ட போனில் இன்று இருப்பது ஐந்நூறு படங்களே ஆனாலும் அந்தக் கோப்பின் நீளம் 900 எம்பி. படங்களை அழிக்க அழிக்க இது குறையாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அத்தையின் பழைய போன் அலமாரியில் கிடந்தது. சார்ஜ் ஏற்றி அதிலும் பார்த்தேன். கோப்புப் பட்டியலில் அதே 900 எம்பி. ஆனால் டியூ அதற்குச் சொன்ன இடம் சில பத்து எம்பிதான். எழுதப்படாத அறைகளுக்கு லினக்ஸ் கோப்பு முறைமை உண்மையில் இடம் ஒதுக்குவதில்லை. இங்கே வெறும் சுழியம் என்று குறித்துக்கொண்டு விட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட ஓட்டைக் கோப்பை அழித்தால் பட்டியலில் 900 குறையும். மீதி இடத்தில் சில பத்துதான் கூடும். அழித்தும் இடம் வரவில்லை என்ற புகாரில் இதுவும் ஒரு வகை. அங்கே இடம் தொடக்கத்திலேயே இல்லை. ஆனால் கணினி வழியாக நகலெடுத்தபோது ஓட்டைகள் ஓட்டைகளாக வரவில்லை. அத்தனை சுழியங்களும் உண்மையான பைட்களாக எழுதப்பட்டுவிட்டன. பழைய போனில் ஏறத்தாழ இடமே பிடிக்காத கோப்பு புதிய போனில் முழு 900 எம்பியை விழுங்கி உட்கார்ந்துவிட்டது. நீக்கினேன். மீதி: 11.1.

ஐபோனில் இதற்கு ஒரு தம்பி இருக்கிறது. 2017இல் ஐஓஎஸ் 10.3 உடன் வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு கோப்புக்குப் பிரதி எடுத்தால் உள்ளடக்கம் இரண்டாக எழுதப்படாது. இரண்டு பெயரும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட பிரதிகளில் ஒன்றை அழித்தால் எதுவும் திரும்பாது. கடைசிப் பிரதி போகும்போதுதான் திரும்பும்.

யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள்

அத்தை கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்ய ஒரு இலவசச் செயலியை வைத்திருந்தார், பெயர் வேண்டாம். அது ஒரு பதிவை முடிக்காமல் பின்னணியில் ஓடவிட்டே இருந்தது. ஃபோல்டரில் 1.1 ஜிபி அளவில் ஒரே ஒலிக் கோப்பு. அதில் பெரும்பாலும் மின்விசிறிச் சத்தம். கணினியிலிருந்து நேரடியாக அழித்தேன். தொட்டிக்குப் போக வாய்ப்பில்லை. கோப்பு பட்டியலிலிருந்து மறைந்தது. டிஎஃப் எண் அசையவில்லை: 11.1.

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். லினக்ஸில் கோப்பை அழிப்பது என்பது ஃபோல்டரில் இருக்கும் பெயரை அழிப்பது. அந்தக் கோப்பை ஏதேனும் ஒரு செயலி திறந்து வைத்திருந்தால், அது மூடும் வரை உள்ளடக்கமும் அதன் இடமும் அப்படியே இருக்கும். வீட்டை விற்றுப் பத்திரம் பதிவான பிறகும் குடியிருப்பவர் காலி செய்யாமல் இருப்பதைப் போன்றது. டியூவுக்கு அந்தக் கோப்பு தெரியாது, ஏனென்றால் பெயர் இல்லை; டிஎஃப்புக்கு அதன் இடம் தெரியும். இரண்டுக்கும் நடுவே திடீரென்று இடைவெளி விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

எந்தச் செயலி பிடித்திருக்கிறது என்று உள்ளே நுழைந்து பார்க்க ரூட் அனுமதி, அதாவது போனின் எல்லாப் பகுதிகளையும் திறக்கும் உச்ச அதிகாரம், வேண்டும். இந்தப் போனில் இல்லை. ஆனால் குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. செயலித் தகவல் பக்கத்தில் ‘கட்டாயமாக நிறுத்து’ என்பதை அழுத்திவிட்டு மறுபடி டிஎஃப். மீதி: 12.2. கண் இமைக்கும் நேரத்தில் 1.1 ஜிபி. போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார் என்று கடைக்காரர் சொல்வதைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அணைத்தால் எல்லாச் செயலிகளின் பிடியும் விடும்.

அணைத்துப் போட்டதில் இன்னொரு பலனும் கிடைத்தது. ஒரு சிஸ்டம் அப்டேட் இறங்கி, ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தது; அறிவிப்பை அத்தை தினமும் விலக்கிவிட்டிருக்கிறார். ஆண்ட்ராய்டு 11இல் வந்த மெய்நிகர் ஏ-பி முறையில், புதிய சிஸ்டத்தின் மாற்றங்கள் தனிப் பகுதியில் கொள்ளாவிட்டால் நம் டேட்டா பகுதியிலேயே தற்காலிகமாக எழுதி வைக்கப்படும். ரீஸ்டார்ட் ஆகி, புதியது ஒழுங்காக எழுந்து, மாற்றங்கள் உரிய இடத்தில் இணைந்து முடிந்த பிறகுதான் அந்த இடம் விடுபடும். எந்தக் கேலரியிலும் எந்தக் கோப்பு மேலாளரிலும் இது தெரியாது. செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ என்ற எண் வீங்கித் தெரியும், அவ்வளவுதான். அப்டேட்டுக்குப் பிறகான முதல் இயக்கத்தில் ஒரு கூடுதல் விசித்திரமும் உண்டு: புதியது சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக, ஆண்ட்ராய்டு 10 முதல், அந்தச் சிறிது நேரத்துக்கு அழித்தவற்றின் இடத்தைக்கூட விடாமல் பாதுகாத்து வைக்கும். அப்போது அழித்துப் பார்த்து மனம் உடைவதில் பயனில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மீதி: 13.6. ‘சிஸ்டம்’ 12க்குக் கீழே இறங்கியிருந்தது.

செய்யாமல் விட்டவை

கேஷ் என்பது செயலிகள் வேகத்துக்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள். அதைத் துடைக்கும் செயலிகள் இரண்டு அந்தப் போனில் இருந்தன. இரண்டையும் நீக்கினேன். ஆண்ட்ராய்டு 6 முதல் ஒரு சாதாரணச் செயலிக்கு மற்றச் செயலிகளின் கேஷை ஒட்டுமொத்தமாகத் துடைக்கும் அனுமதியே கிடையாது. அவை காட்டும் பச்சை வட்டங்களும் ‘சுத்தமாயிற்று’ என்ற ஆரவாரமும் பெரும்பாலும் விளம்பரத்துக்கான மேடை. நாமே கையால் கேஷைத் துடைத்தாலும் பயன்படுத்த ஆரம்பித்ததும் அது மீண்டும் நிரம்பும், நிரம்பத்தான் வேண்டும். உண்மையிலேயே இடம் நெருக்கினால் ஆண்ட்ராய்டே கேஷைத் தியாகம் செய்து இடம் கொடுக்கும்.

‘ட்ரிம்’ ஓடாததால்தான் இடம் வரவில்லை என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. ட்ரிம் என்பது, இந்தப் பகுதிகள் இனி வேண்டாம் என்று கோப்பு முறைமை சேமிப்புச் சில்லுக்குச் சொல்லும் தகவல். ஆண்ட்ராய்டில் 2013இல், 4.3 பதிப்பில் வந்தது. போன் ஓய்வாக, சார்ஜில் இருக்கும்போது தானாக நடக்கும். அது ஓடாவிட்டால் காலப்போக்கில் எழுதும் வேகம் குறையும். மீதி இடத்தின் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த எண்ணைக் கோப்பு முறைமை தன் சொந்தப் பதிவிலிருந்து சொல்கிறது, சில்லிடம் கேட்டுச் சொல்வதில்லை.

வாட்ஸ்அப்பில் தானாக மீடியா இறங்குவதை வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் நிறுத்திவிட்டேன். கேலரித் தொட்டி எங்கே இருக்கிறது என்று அத்தைக்குக் காட்டிக்கொடுத்தேன்; தொட்டிக்கே ஒரு தொட்டி உண்டா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இறுதியில் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நிரம்பியது 37.4 ஜிபி. பொதுச் சேமிப்பகத்தில் டியூ காட்டியது 16.2. செயலிகளும் அவற்றின் தரவும் கேஷும் சேர்த்து 18.9. இன்னும் 2.3 ஜிபி யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. செயலிகளின் நிரலைப் போன் தன் வசதிக்காகத் தொகுத்து வைக்கும் கோப்புகளும், பதிவேடுகளும், தரவுத்தளங்களும் அதற்குள் இருக்கும். அந்த அறைகளைத் திறக்க ரூட் வேண்டும். ரூட்டுக்கு, போனை இயக்கும்போது முதலில் எழும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். பூட்லோடரைத் திறந்தால் போனில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். இடப் பிரச்சினைக்கு அது முழுமையான தீர்வுதான் என்றாலும், அத்தையிடம் அந்த யோசனையைச் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.